பந்திக்கு எழுந்து போகாதவள்

செய்தி வந்தபோது நான் ஏணியின் மேல் நின்றிருந்தேன். தேயிலை ஃபெக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியில் ஒரு காற்றாடி மோட்டர் சூடேறி நின்றுபோயிருந்தது. கருகிய வயரை மாற்றிவிட்டு மூடியைத் திரும்பப் பூட்டிக்கொண்டிருந்தேன். சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. மேரி அக்கா. பதுளை ஆஸ்பத்திரியில் அன்று என் மனைவிக்குத் துணையாக இருந்தவர் அவர்தான்.

"தம்பி, நீ எங்க நிக்கிற?"

"ஏணியிலக்கா."

"எறங்கு. கீழ எறங்கிட்டுப் பேசு."

எதற்காக இறங்கச் சொல்கிறார் என்பது அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. ஆனாலும் நான் இறங்கவில்லை. மிச்சமிருந்த ஸ்குரூக்களை முறுக்கினேன். சுவிட்சைப் போடச் சொன்னேன். காற்றாடி சுற்ற ஆரம்பித்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இறங்கினேன். கீழே நின்றவர்களுக்கும் அதற்குள் செய்தி வந்திருந்தது. யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை.

டெங்கு என்றார்கள். முந்தின நாள் நான் பார்த்தபோது பேசினாள், கஞ்சி குடித்தாள். "நீங்க வேலைக்குப் போங்க, இங்க சும்மா நின்னா நர்ஸம்மா ஏசுவாங்க" என்றாள். நான் வேலைக்குப் போனேன்.

இதை வாசிக்கிற உங்களில் பெரும்பாலோருக்கு யோகேஸ்வரியைத் தெரியும். நம் தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் உங்கள் கைக்குழந்தைகளை வாங்கி வைத்துக்கொண்டு, நீங்கள் கொழுந்தெடுத்துவிட்டு வரும்வரை பார்த்துக்கொண்டவள். கல்யாணம் முடித்த வாரத்திலிருந்து ஒரு ஞாயிறு தவறாமல் நம் ஆலயத்துக்கு வந்தவள். வந்தாலும் கடைசிவரை ஞானஸ்நானம் எடுக்காதவள். சபை மலரில் அவளைப் பற்றி எழுதித் தரும்படி போதகர் ஐயா கேட்டபோது, "ஆறுதலா ஏதாவது எழுதும்" என்றார். ஆறுதல் என்னிடம் இல்லை. நடந்தவற்றை எழுதுகிறேன்.

ஆலயத்தில் அவள் இடம் வாசலை ஒட்டிய கடைசி பெஞ்சு. திருவிருந்து ஞாயிறுகளில் எல்லோரும் வரிசையாக எழுந்து முன்னே போவோம். ஞானஸ்நானம் எடுக்காதவர்கள் இருந்த இடத்திலேயே இருப்பது நம் சபை வழக்கம். வளர்ந்தவர்களில் அப்படி இருந்தவள் அவள் ஒருத்திதான். ஒரு மாதம் மேரி அக்காவின் மகள் சுகந்தி கைக்குழந்தையோடு எழுந்து, அதை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றாள். யோகா கையை நீட்டினாள். சுகந்தி கொடுத்துவிட்டுப் போனாள். அடுத்த மாதம் இன்னொருத்தி கொடுத்தாள். பிறகு அது சபையின் ஒழுங்கு போலவே ஆகிவிட்டது. மடியில் ஒன்று, தோளில் ஒன்று, சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு ஒன்று. பந்தியிலிருந்து திரும்பி வரும் தாய்மார் அவரவர் பிள்ளையை வாங்கிக்கொள்வீர்கள். சில நாட்கள் பிள்ளைகள் மாறிப்போய்ச் சிரித்ததும் உண்டு.

மேரி அக்காவுக்கு அவளைச் சீண்டாமல் இருக்க முடியாது.

"ஏன்டி யோகா, கர்த்தரோட பந்தியில ஒனக்கு மட்டும் எடமில்லையா? இங்கயும் வந்து ஆயா வேலைதானா?"

"எல்லாரும் எந்திரிச்சுப் போயிட்டா புள்ளைங்கள யாருக்கா பாக்குறது? ஒருத்தங்க போகணும்னா ஒருத்தங்க ஒக்காந்திருக்கணும்ல."

"அப்ப பரலோகத்துக்குப் போறப்பவும் நீ வாசல்ல ஒக்காந்துருவியா?"

"செருப்பு பாக்கவும் ஆள் வேணுமேக்கா."

நீங்களும் சிரித்திருப்பீர்கள். அது அவளுடைய வேடிக்கைப் பதில். உண்மையான பதிலைக் கேட்டவர்கள் போதகர் ஐயாவும் நானும்தான்.

எங்கள் திருமணம் பதிவாளர் முன்னால் நடந்தது. அவள் கோயில் கும்பிட்ட வீட்டுப் பெண். ஞானஸ்நானம் எடுக்கச் சொல்லி நான் கேட்டதில்லை. அவளேதான் வகுப்புக்குப் பெயர் கொடுத்தாள். பதுளைக் கடைவீதியில் வெள்ளைச் சேலையும் அவளே பார்த்து எடுத்தாள். போதகர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். பதுளையிலிருந்து சனிக்கிழமைகளில் பஸ்ஸில் வந்து வகுப்பு எடுப்பார். நான் பின் வரிசையில் உட்கார்ந்திருப்பேன்.

நீதியும் இரட்சிப்பும் பற்றிய பாடம் வந்த அன்று ஐயா தெளிவாகச் சொன்னார்: "பவுல் என்ன சொல்லுறார்? நீதிமான் ஒருத்தனுமில்லை. ஒருத்தன்கூட இல்லை. எங்கட நல்ல செய்கையளைக் காட்டி ஒருத்தரும் கடவுளுக்கு முன்னால நிக்கேலாது. கிருபையால, விசுவாசத்தால மட்டும்தான் இரட்சிப்பு."

யோகா பைபிளைப் புரட்டினாள். "ஐயா, லூக்கா எழுதினதுல யோவான் ஸ்நானகனோட அப்பா அம்மா ரெண்டு பேருமே நீதிமான்கள்னு இருக்குங்களே?"

"ஓம் பிள்ளை. அவையள் நம்பிக் காத்திருந்தவை. அந்த நம்பிக்கையைக் கடவுள் நீதியா எண்ணினவர்."

"நம்பினாங்கன்னு அந்த எடத்துல இல்லீங்களே. கட்டளைப்படி குத்தமில்லாம நடந்தாங்கன்னுதானே இருக்கு?"

"நடக்கிறது நம்பிக்கையின்ட கனி. மரம் இருந்தால்தான் கனி வரும்."

"மரம் என்னான்னே தெரியாதவங்ககிட்ட கனி மட்டும் இருந்தா?"

ஐயா புத்தகத்தை மூடி வைத்தார். "நீர் ஆரைப் பற்றிக் கேக்கிறீர்?"

அவள் அம்மாவைப் பற்றிச் சொன்னாள். நான் அதை முழுதாகக் கேட்டது அன்றுதான். மீரியபெத்தையில் மண் சரிந்த காலையில் அவள் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தாள் என்பதும், அம்மா போய்விட்டார் என்பதும் மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது.

"அம்மா வெளிய வந்துட்டாங்களாம் ஐயா. சத்தம் கேட்டதும் எல்லாரோடயும் மேல ஓடியிருக்காங்க. பக்கத்துக் காம்பராவுல தொட்டில்ல ஒரு புள்ள கெடந்திருக்கு. அதோட அம்மா காலையிலயே பெரட்டுக்கு, வேலைக்குப் பேர் பதிய, போயிருச்சு. எங்கம்மா திரும்பிப் போனாங்களாம். பாத்தவங்க சொன்னாங்க. புள்ளையும் கெடைக்கல, அம்மாவும் கெடைக்கல. மாரியம்மா கோயில்ல வெளக்கு ஏத்துனவங்க. ஏசுன்னா யாருன்னு அவங்களுக்குத் தெரியாது."

ஐயா ஜன்னல் பக்கம் திரும்பினார். வெளியே மூடுபனி இறங்கி, ஆலயத்து ஜன்னலில் எதுவும் தெரியவில்லை.

"உம்மட அம்மாவுக்குத் தீர்ப்புச் சொல்லுறது என்ட வேலை இல்லைப் பிள்ளை. நீர் உமக்காக மட்டும் பதில் சொல்லும்."

"எனக்காக மட்டும்னு எப்படிங்க சொல்றது? விசுவாசிச்சு ஞானஸ்நானம் எடுத்தவன் தப்பிப்பான், விசுவாசிக்காதவனுக்குத் தண்டனைன்னு இருக்கு. ஞானஸ்நானத்தன்னைக்கு நான் எந்திரிச்சு நின்னு, ஆமா நம்புறேன்னு சொன்னா, எங்கம்மா மேல நானே இன்னொரு தடவ மண்ண தள்ளுன மாதிரிதான?"

அப்போது ஐயா, தானாகவே, பேதுரு ஒரு அந்நியப் படைத்தலைவன் வீட்டில் சொன்னதை எடுத்துக் காட்டினார். எந்தச் சனமானாலும் கடவுளுக்குப் பயந்து நீதி செய்கிறவன் அவருக்கு உகந்தவன் என்கிற இடம். அவள் முகம் ஒரு கணம் திறந்ததைப் பார்த்தேன். அந்த முகத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

"அப்ப எங்கம்மா?"

ஐயா நல்ல மனிதர். ஆம் என்று ஒரு சொல் சொல்லிவிட்டு பஸ் ஏறியிருக்கலாம். "அந்த மனுசனிட்டயும் பேதுருவை அனுப்பித்தான் வார்த்தை சொல்ல வேண்டியிருந்தது, பிள்ளை. அதை மறைச்சால் நான் உமக்குப் பொய் சொன்னவனாகிப் போவன்" என்றார்.

"எங்கம்மாகிட்ட யாரும் வரலீங்கய்யா. மண்ணுதான் வந்துச்சு."

அடுத்த சனிக்கிழமை, இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். வெள்ளைச் சேலையை மடித்து அலமாரியில் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல எனக்கு முன்னால் குளித்துத் தயாராகி நின்றாள். "இன்னைக்குமா?" என்று கேட்டேன். "ஏங்க, பதில் இங்கதான சொல்லணும். வேற எங்க போய்க் கேக்குறது?" என்றாள்.

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள் என்பதை நீங்கள் எல்லோரும் அறிந்தது ஒரு புதுவருடக் காலையில். வருடப் பிறப்பன்று தட்டில் வசன அட்டைகள் வரும், வீட்டுக்கொன்றாக எடுப்போம், எடுத்த வசனம் அந்த வீட்டுக்கு அந்த வருடத்து வாக்குத்தத்தம் என்று அலமாரியிலோ கதவிலோ ஒட்டிவைப்போம். அச்சடித்த அட்டைகள் கொழும்பிலிருந்து வரும். அந்த வருடம் மழையில் பாதைகள் மூடி, அட்டைகள் வந்து சேரவில்லை. யோகாவின் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் எழுதித் தரும்படி ஐயா அவளிடம் கேட்டார். என்னென்ன வசனம் எழுத வேண்டும் என்று சொல்லவில்லை. வாக்குத்தத்தம் என்றால் நம் ஆட்களுக்குத் தெரியும்: ஆசீர்வதிப்பேன், கைவிடமாட்டேன், பெருகப் பண்ணுவேன். கோயில் வீட்டிலிருந்து வந்தவளுக்கு அது தெரியவில்லை. கடவுள் சொன்னதென்றால் எல்லாமே அவர் கொடுத்த வாக்குத்தான் என்று நினைத்து, அவள் மனதில் கிடந்த வசனங்களையெல்லாம் அழகாக எழுதி, ஓரத்தில் பூவும் போட்டு வைத்துவிட்டாள்.

முதலில் எடுத்தவர் நம் சபைச் செயலாளர் கிளாக்கர் ஐயா. கண்ணாடியைப் போட்டுச் சத்தமாக வாசிக்க ஆரம்பித்தவர் நடுவில் நின்றுவிட்டார். கிரியை, அதாவது செய்கை, இல்லாத விசுவாசம் செத்தது என்று வந்திருந்தது.

"என்னம்மா இது? நல்ல நாளும் அதுவுமா செத்ததப் பத்தி எழுதி வச்சிருக்க?"

"நான் எழுதல கிளாக்கரய்யா. யாக்கோபு எழுதினது."

"யாக்கோபு எழுதலாம். வருசப் பொறப்புக்கா எழுதினாரு?"

மேரி அக்காவுக்கு, நம் நீதியெல்லாம் அழுக்கான கந்தைத் துணி போல என்கிற ஏசாயாவின் வசனம் வந்தது. அவர் அட்டையைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். "பாத்துக்குங்க, எனக்கு அழுக்குத் துணி வந்திருக்கு. இந்த வருசமும் நான்தான் தொவைக்கணும் போல." ஆலயமே சிரித்தது. ஐயாவும் சிரித்தார். யோகா மட்டும் சிரிக்கவில்லை. தட்டைப் பிடித்தபடி, என்ன தப்பு செய்தோம் என்று எல்லோர் முகத்தையும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நம் வழக்கத்தில் வீட்டுக்கு ஒரு அட்டைதான். அவள் சபை அங்கத்தவள் அல்ல என்பதால் என் பெயரில் ஒன்று, விருந்தாளிக் கணக்கில் அவளுக்கு ஒன்று என்று ஐயா கொடுத்தார். எனக்கு வந்தது, கிருபையினாலே விசுவாசத்தைக் கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், ஒருவனும் பெருமை பேசாதபடி அது கிரியைகளால் வந்ததல்ல என்பது. அவளுக்கு வந்தது, பயத்தோடும் நடுக்கத்தோடும் உங்கள் இரட்சிப்பு நிறைவேறப் பாடுபடுங்கள் என்பது. இரண்டும் பவுல் எழுதியவை. வீட்டில் மெயின் சுவிட்ச் பெட்டிக்கு இரு பக்கமும் இரண்டையும் ஒட்டினாள்.

"ஏங்க, ஒரே ஆளு இந்தப் பக்கம் சும்மா கெடைச்சதுங்கிறாரு, அந்தப் பக்கம் பாடுபடுங்கிறாரு. எதுங்க சரி?"

நான் படித்த படிப்பை வைத்துப் பதில் சொன்னேன். ஒரே லைனில் வோல்டேஜ் பார்த்தால் ஒரு எண் வரும், கரண்ட் பார்த்தால் வேறு எண் வரும். எண்கள் வேறு என்பதால் மீட்டர் பொய் சொல்கிறது என்று ஆகாது, அளப்பது வேறு வேறு. என் அட்டை அளப்பது வேரை, அவள் அட்டையும் கிளாக்கர் ஐயாவுக்கு வந்த யாக்கோபின் வசனமும் அளப்பது கனியை. எனக்கே என் விளக்கம் பிடித்திருந்தது.

அவள் பெட்டியைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் யோசித்தாள். "வோல்டேஜ் மட்டும் இருந்தா பல்பு எரியுமா?"

"கரண்ட் ஓடணும். ரெண்டும் வேணும்."

"எங்கம்மாகிட்ட பல்பு எரிஞ்சுச்சுங்க. எரிஞ்சத பாத்தவங்க இருக்காங்க. அப்ப எங்கயிருந்தோ வந்துதானே இருக்கணும்?"

மீட்டரை வைத்து அளக்க முடியாத இடத்தில் எரிகிற பல்பைப் பற்றி எனக்குச் சொல்லித் தரப்படவில்லை. அவளும் வற்புறுத்தவில்லை. "சரி விடுங்க, தேத்தண்ணி ஆறுது" என்று எழுந்து போனாள். எங்கள் வீட்டில் வேதம் பேசிய நேரமெல்லாம் இப்படித்தான் முடிந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து அவள் உடலை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று என்ன உடுத்துவது என்ற பேச்சு வந்தது. மேரி அக்கா அலமாரியைத் திறந்து அந்த வெள்ளைச் சேலையை எடுத்தார். மடிப்புக் கலையாமல் இருந்தது. வாசலில் நின்ற கிளாக்கர் ஐயா, மெதுவாகத்தான், "அது ஞானஸ்நானத்துக்கு எடுத்ததில்லையா மேரி? யோசிச்சுச் செய்ங்க" என்றார்.

"சீல சீலதான் கிளாக்கரய்யா. பதுளக் கடையில வாங்குனது, பரலோகத்துல வாங்குனது இல்ல. நகருங்க அந்தப் பக்கம்."

அந்தச் சேலையில்தான் அவள் போனாள். கிளாக்கர் ஐயா இதை வாசித்துக் கோபிக்க மாட்டார் என்று நம்புகிறேன். சவப்பெட்டியை ஒரு முனையில் தூக்கியவர் அவர்.

தோட்டத்து இடுகாட்டில் தூறல் விழுந்துகொண்டிருந்தது. ஐயா ஜெபப் புத்தகத்தை ஈரம் படாமல் அங்கிக்குள் பிடித்தபடி வாசித்தார். மண்ணுக்கு மண்ணாக என்று சொல்லி ஒரு பிடி போட்டார். அதற்கு அடுத்த வரி எனக்கு மனப்பாடம். என் அப்பாவை அடக்கியபோது கேட்டது. நித்திய ஜீவனுக்கு உயிர்த்தெழுவார் என்ற நிச்சயமான நம்பிக்கையோடு என்று வரும். ஐயா அந்த இடத்தில் மூச்சு விட்டார். பிறகு பக்கத்தைத் திருப்பி அடுத்த ஜெபத்துக்குப் போய்விட்டார்.

எனக்கு அழுகை வரவில்லை. ஒரு சுவிட்ச் பெட்டியில் ஒரு வயர் இணைக்கப்படாமல் தொங்குவதைப் பார்த்தால் கண் அங்கேயே நிற்குமே, அப்படி அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். மண் விழும் சத்தம் எல்லாம் அதற்குப் பிறகு தூரத்தில் கேட்டது.

அவளுடைய சித்தி கொஸ்லந்தையிலிருந்து வந்திருந்தார். அம்மா போன பிறகு அவளை வளர்த்தவர். எல்லோரும் கலைந்த பிறகு என் பக்கத்தில் வந்து நின்றார்.

"மாப்ள, நாங்க தீபம் காட்டல, நெய்ப்பந்தம் புடிக்கல. உங்க மொறப்படி செஞ்சீங்க, சரி. ஆனா ஒங்க சாமிகிட்டயும் அவ பேரு குடுக்கலையாமே. எங்க சாமியயும் விட்டுட்டா. இப்ப அவ யாருகிட்ட போவா மாப்ள?"

"தெரியல சித்தி."

"அவங்கம்மாவுக்குத்தான் குழி இல்ல. இவளுக்குக் குழி இருக்கு. போற எடம் இல்ல." கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு என் குடையை நிமிர்த்திப் பிடித்துவிட்டுப் போனார்.

சில நாட்கள் கழித்துப் பதுளைக்குப் போய் ஐயாவைப் பார்த்தேன். அவரே தேநீர் ஊற்றித் தந்தார். எனக்கு முன்னால் அவரே ஆரம்பித்தார்.

"நான் ஒரு வரியை விட்டது உமக்குத் தெரியும் எண்டு எனக்குத் தெரியும், தம்பி."

"ஏன் ஐயா?"

"நிச்சயம் எண்டு அதில ஒரு சொல் இருக்கு. அவள் இரட்சிக்கப்படேல்ல எண்டு நான் நினைக்கேல்ல. இரட்சிக்கப்பட்டவள் எண்டு சொல்லவும் எனக்கு அதிகாரமில்லை. குழியடியில நிண்டு பொய் சொல்லேலாது."

"நம்பிக்கைன்னாவது சொல்லியிருக்கலாமேங்கய்யா."

அவர் கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "நான் விட்டது பிழையோ சரியோ எனக்குத் தெரியேல்ல. அடக்கின நாளில இருந்து நித்திரையில்லை. நீர் கேட்டால் இப்பவே வாறன். குழியடியில நிண்டு முழு வரியையும் வாசிக்கிறன்."

அதைக் கேட்கத்தான் நான் பஸ் ஏறி வந்திருந்தேன். ஆனால் அவர் சொன்னதும், வேண்டாம் என்று என் வாய் சொல்லிவிட்டது. "இப்ப வாசிச்சா எனக்காக வாசிச்சதா இருக்கும் ஐயா. அவளுக்கு அது பிடிக்காது. அவ நம்பாம ஒரு ஆமா சொல்ல முடியாதுன்னுதான் கடைசிவரைக்கும் ஒக்காந்திருந்தா."

ஐயா தலையை ஆட்டினார். இரண்டு பேரும் ஆறிப்போன தேநீரைக் குடித்தோம். அவர் என்னைப் பஸ் நிலையம் வரை கொண்டுவந்து விட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒரு லைனில் கோளாறு இருந்தால் இரண்டு முனையிலிருந்தும் சோதித்துக்கொண்டே வருவோம். எங்கேயாவது நடுவில் அறுந்த இடம் அகப்படும். வேலை முடிந்து வந்து பெட்டிக்குப் பக்கத்தில் உள்ள அட்டைகளுக்கு முன்னால் உட்கார்ந்து அப்படிச் செய்து பார்த்தேன். என் அட்டையின் முனையிலிருந்து வந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. மனிதன் எதையும் சம்பாதிக்க முடியாது, எல்லாம் கொடை. அவள் அட்டையின் முனையிலிருந்து, யாக்கோபையும் சேர்த்துக்கொண்டு வந்தாலும் சரியாகத்தான் இருக்கிறது. பசித்தவனிடம் போய்ப் பசியாறு என்று சொல்லிவிட்டுச் சோறு போடாதவனின் விசுவாசம் எதற்கு? பெரிய படிப்புப் படித்தவர்கள் இரண்டையும் இணைத்துக் காட்டுவார்கள் என்று தெரியும். நானும்தான் இணைத்துக் காட்டினேனே. அந்த விளக்கம் உயிரோடு இருக்கிறவர்களுக்கு உதவும். நம்பி, பிறகு நன்றாக நடக்கலாம். ஏற்கெனவே நடந்து முடித்துவிட்டு, பெயர் கொடுக்காமல் போனவளுக்கு எந்த முனையிலிருந்து வந்தும் அந்த இடத்தில் லைன் நின்றுவிடுகிறது. ஜெபிக்க உட்கார்ந்தால், கேட்க எனக்கு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதைக் கேட்டால் மறுபக்கத்தில் சத்தமே இல்லை. அவளும் இத்தனை வருடம் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது இப்போது விளங்குகிறது.

பிறகு திருவிருந்து ஞாயிறு வந்தது. ஆலயத்துக்கு வரலாமா என்று யோசித்தேன். குளித்து, சட்டை மாட்டிப் பார்த்தால் வாசலில் எனக்கு முன்னால் யாரும் தயாராகி நிற்கவில்லை. வந்தேன். என் வழக்கமான இடத்துக்குப் போகாமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். பாட்டு முடிந்தது. பாவ அறிக்கை முடிந்தது. ஐயா அப்பத்தைப் பிட்டு, வாருங்கள் என்று கூப்பிட்டார். ஒவ்வொரு வரிசையாக எழுந்தீர்கள். கிளாக்கர் ஐயா என்னைக் கடந்து போகும்போது தோளைத் தொட்டு, "வாங்க தம்பி" என்றார். நான் எழவில்லை.

நான் ஞானஸ்நானம் எடுத்தவன். என் அட்டையின்படி எனக்கு எல்லாம் கொடுக்கப்பட்டாயிற்று. எழுந்து போயிருந்தால் யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் போய் முழங்கால் போட்டு அந்த அப்பத்தை வாங்கினால், நான் உள்ளே இருக்கிறேன் என்று சொன்னதாகும். அவளை வெளியே வைத்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்கு வரவில்லை. இது விசுவாசமா, விசுவாசம் போனதா என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது.

சுகந்தி தன் இரண்டாவது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். பழக்கத்தில் நேராகக் கடைசி பெஞ்சுக்கு வந்து, கையை நீட்டிவிட்டாள். அப்புறம்தான் அங்கே இருப்பது யார் என்று பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள். வரிசை அவளைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. பின்னால் வந்த மேரி அக்கா இரண்டு பேரையும் பார்த்தார். வரிசையை விட்டு விலகி மகளுக்குப் பக்கத்தில் நின்றார்.

"புடிச்சுக்கிறீங்களாண்ணே?" என்றாள் சுகந்தி.

வாங்கிக்கொண்டேன். எப்படிப் பிடிப்பதென்று எனக்குத் தெரியவில்லை. கழுத்துக்குக் கீழே கை கொடுக்க வேண்டும் என்று அவள் காட்டிவிட்டுப் போனாள். பிள்ளை அழவில்லை. என் சட்டைப் பையில் இருந்த டெஸ்டரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. முன்னால் ஐயா ஒவ்வொரு கையிலும் அப்பத்தை வைத்துக்கொண்டே வந்து வரிசையின் முடிவில் நின்றார். தலையை உயர்த்திக் கடைசி பெஞ்சைப் பார்த்தார். தட்டில் இன்னும் ஒன்று மிச்சமிருந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். நான் மடியில் இருந்த பிள்ளையைப் பார்த்தேன். பிறகு அவர் தட்டை வெள்ளைத் துணியால் மூடினார்.

யோகேஸ்வரி எங்கே இருக்கிறாள் என்று என்னால் உங்களுக்குச் சொல்ல முடியாது. சுவிட்ச் பெட்டிக்கு இரு பக்கமும் அந்த அட்டைகள் இருக்கின்றன. அவை இன்னும் ஒத்துப்போகவில்லை. நான் அவளிடமிருந்து வைத்துக்கொண்டது அவள் உட்கார்ந்த இடம் ஒன்றுதான். அடுத்த திருவிருந்துக்கு நீங்கள் எழுந்து முன்னே போய் வாருங்கள். பிள்ளைகளை என்னிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். நான் இங்கேதான் உட்கார்ந்திருப்பேன்.